கதவில்லாத வண்டி

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுவது என் வேலை. 22 வருடமாக அதே வேலைதான். எந்த வண்டி எவ்வளவு டீசல் போட்டது, டோல் எவ்வளவு, எந்த டயர் எத்தனை கிலோமீட்டரில் தேய்ந்தது, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எப்போது, இன்சூரன்ஸ் எப்போது, எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். எங்கள் முதலாளி அடிக்கடி சொல்வார்: "வண்டி நின்னாலும் செலவு, ஓடினாலும் செலவு. அதனால ஓடுற வண்டி சம்பாதிச்சே ஆகணும்." லாரியும் கோழியும் பிழைப்பாக இருக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நான்தான் 2011-ல் 48,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய புல்லட் வாங்கினேன். 1994 மாடல், ஸ்டாண்டர்ட் 350, கறுப்பு. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்ப்ளெண்டர் இருந்தது. ஆபீசுக்கும் கடைக்கும் அதுவே போதும்; லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. புல்லட் முப்பதைத் தாண்டினால் பெரிது. ஆஞ்சநேயர் கோயில் முன்னால் நிறுத்திப் பூஜை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த வாரமே மச்சான் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, இதுல அப்படி என்ன இருக்குது?" என்று கேட்டார். அவர் குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று ராத்திரி ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ஆபீசில் ஒவ்வொரு லாரிக்கும் அப்படித்தான் நோட்டு இருக்கும். வலது பக்கம் சீக்கிரமே நிரம்ப ஆரம்பித்தது. போன ஆயுத பூஜை அன்று கூட்டிப் பார்த்தேன்: பெட்ரோல் சேர்க்காமல் 1,87,640 ரூபாய். இடது பக்கம் மூன்று வருடம் வெறுமையாகவே இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்க நினைப்பவர்களிடம் யாரும் இதை முழுசாகச் சொல்வதில்லை.

பெரிய செலவு 2016-ல் வந்தது. இஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டது, புகையும் வந்தது. சிலிண்டரை உள்ளே கடைந்து (போர் செய்து), புதுப் பிஸ்டன், வால்வு, கனெக்டிங் ராடு எல்லாம் சேர்த்து 22,400 ரூபாய். அதில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம். அதற்கு முந்தின வருடம் இஞ்சின் ஆயில் அளவைப் பார்க்காமல் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட் ஆயிலைக் கொஞ்சம் கசியும், கொஞ்சம் குடிக்கும். வாரம் ஒருமுறை குச்சியை எடுத்து அளவு பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தின் விலை எனக்கு 22,400 ரூபாயில் தெரிந்தது.

அப்புறம் ஆர்.சி. புதுப்பித்தல். 15 வருடம் முடிந்த இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2019-ல் நான் கட்டின புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 1,000 ரூபாய் ஆனது; தேதி தவறினால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் என்றும் வந்தது. 2024-ல் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டேன். இன்சூரன்ஸில், 150 சி.சி.க்கு மேல் 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 1,366 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்ப்பதோடு, ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கிற சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இஞ்சின் எண்ணையும் பாருங்கள். பெயிண்ட் பளபளப்பாக இருக்கிற வண்டியில்தான் இதை இரண்டு முறை செய்ய வேண்டும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தங்கும். இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாய் ஊதி வெடிப்பு விடும். என் வண்டியில் பெட்ரோல் குழாயை மாற்றிவிட்டேன். பத்து நாளைக்கு மேல் ஊரில் இல்லாமல் போனால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டுத்தான் போவேன். வாரம் ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நிற்கிற வண்டிதான் கெட்டுப்போகும் என்று எங்கள் ஆபீஸ் டிரைவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும்.

இந்த வண்டியைக் கிளப்புவதற்கே நான் ஒரு மாதம் பழக வேண்டியிருந்தது. செல்ஃப் கிடையாது. கிக்கரை அவசரப்பட்டு உதைத்தால் திருப்பி அடிக்கும். ஒருமுறை கணுக்கால் வீங்கி நான்கு நாள் நொண்டினேன். திருச்சி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். "தம்பி, பலத்தைக் காட்டாதீங்க. முள்ளைப் பாருங்க." ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் முள் ஒரு பக்கம் சாயும், பிறகு நடுவுக்குத் திரும்பும். அங்கே பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்குக் கிட்டே நிற்கிறது. சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரை ஒரு துளி நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீரான மிதி. உடம்பின் எடையே போதும். என் மனைவியால்கூட இப்போது ஒரே மிதியில் கிளப்ப முடியும்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஸ்ப்ளெண்டரிலிருந்து இறங்கி இதில் ஏறும் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் நின்றபடியே இரண்டு காலையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வேன். இன்றும் அதை விட்டதில்லை. அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2009-க்குப் பிறகு புது இஞ்சின் வந்து, செல்ஃப் ஸ்டார்ட், இடது கால் கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் வந்துவிட்டன. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கிற ஏ.பி.எஸ். கட்டாயம். முதல் முறை பைக் வாங்குகிறவர்கள் அந்த வண்டிகளைத்தான் வாங்க வேண்டும். என் வண்டியை ஒருவரும் முதல் வண்டியாக வாங்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அப்படியானால் நான் ஏன் வைத்திருக்கிறேன்?

2014 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குச் சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குக் கிளம்பினேன். தனியாக. ஊரைத் தாண்டியதும் கோழிப்பண்ணை வாடை வந்தது. எங்கள் பக்கம் அது இல்லாமல் எந்த ரோடும் கிடையாது. அதைக் கடந்ததும் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில் பக்கம் குச்சிக்கிழங்கு மாவு புளித்த வாடை. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு தரைப்பாலத்தில் இறங்கியபோது முழங்காலுக்குக் கீழே மட்டும் சட்டென்று குளிர்ந்தது. பள்ளத்தில் ராத்திரிக் குளிர் இன்னும் தங்கியிருந்தது. மேட்டில் ஏறியதும் மறுபடி வெதுவெதுப்பு. காரவள்ளியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். முப்பதைத் தாண்டிய பிறகு காற்று மாறியது. சட்டைக்குள் அதுவரை இருந்த வேர்வை ஜில்லென்று ஆனது. இன்னும் மேலே போனால் ஈர மண், மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், அப்புறம் பலாப்பழ வாசனை. பழம் கண்ணில் படுவதற்கு நான்கு வளைவுக்கு முன்பே மூக்குக்கு வந்துவிட்டது.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அதே ரோட்டில் அதற்கு முன் குறைந்தது ஏழெட்டு முறை போயிருக்கிறேன். கல்யாண வேனில், சொந்தக்காரர் காரில், அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பஸ்ஸில். பாலத்தில் குளிர் தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த வளைவில் வெயில் நின்று மலைக்காற்று தொடங்குகிறது என்று தெரியாது. காருக்குள்ளே ஏ.சி. போட்டால் நாமக்கல்லும் கொல்லிமலையும் ஒரே 24 டிகிரி. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அந்த ஆறு டிகிரியை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கொண்டு ஏறியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து இடது பக்கத்தில் முதல் வரவை எழுதினேன். "காரவள்ளிக்கு முன் பாலத்தில் குளிர். பலா வாசனை." அந்த வரிக்கு நேரே ரூபாய் எழுத எதுவும் இல்லை. ஆனால் அது வரவு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மச்சானுக்கு என் பதில் இதுதான்: இந்த வண்டிக்குக் கதவு இல்லை. வெயில், மழை, தூசி, லாரிப் புகை, பூச்சி எல்லாம் நேராக என்மேல் வருகிறது. பலா வாசனையும் அதே வழியாகத்தான் வருகிறது. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபட்டுவிடும். நல்லதை மட்டும் உள்ளே விடுகிற கதவு எந்த வண்டியிலும் கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் வேலையோடு சேர்ந்தது. ஆபீசில் நான் எழுதுகிற எண் எதையும் என்னால் மாற்ற முடியாது. டீசல் விலை ஏறினால் ஏறியதுதான். லாரி எங்கோ மகாராஷ்டிராவில் நின்றுவிட்டால் நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புல்லட்டில் அப்படி இல்லை. வால்வைத் திறக்கிற டேப்பெட்டின் சத்தம் கூடினால், ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் வலது பக்க மூடியின் ஒரே நட்டைக் கழற்றி, பிஸ்டனை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ் ராடு என்கிற தள்ளு கம்பியை இரண்டு விரலால் சுற்றிப் பார்க்கிறேன். விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. சரியாக வைத்து மூடி, ஒரு மிதி மிதித்தால், முந்தின நாள் இருந்த சத்தம் இல்லை. என் கை செய்த வேலைக்கு உடனே பதில் சொல்கிற பொருள் என் வாழ்க்கையில் வேறு அதிகம் இல்லை. பட்டறை அண்ணன் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவருக்கு வருமானம் குறையும் என்று தெரிந்துதான் சொல்லிக்கொடுத்தார். "தெரியாதவன் கையில வண்டி கெடும் தம்பி. நீங்க தெரிஞ்சுக்கங்க" என்றார். அந்த அண்ணனுக்கு நான் பட்ட கடன் எந்த நோட்டிலும் அடங்காது.

வண்டியின் பூர்வீகமும் எனக்குப் பிடிக்கும். புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் வந்தது. 1955-ல் அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தயாரிப்பை ஆரம்பித்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஓடிக்கொண்டே இருந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனியே மூடிவிட்டது, ஆனால் வண்டி இங்கே நிற்கவில்லை. அங்கே பிறந்த வடிவத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்து வட சென்னைத் தொழிலாளிகள் பத்து வருடம் பத்து வருடமாகச் செய்துகொண்டே வந்தார்கள். சிலிண்டரின் அகலம் (போர்) 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மில்லிமீட்டர், 346 சி.சி., 18 குதிரைத்திறன். பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்குவதால்தான் அந்த இடைவெளி விட்ட துடிப்பு. ஐம்பதில் போகும்போது ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். எண்பதுக்கு மேல் முறுக்கினால் வண்டி உதறும், எனக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை.

கொல்லிமலை என்று சொன்னதால் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். அவனோடு மோதிய காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஏறினவனுக்கும் சுமந்ததற்கும் ஒரே பெயர் வைத்த காலம் ஒன்று இந்த மலையில் இருந்திருக்கிறது. மலைமேல் செம்மேடு ஊரில் குதிரைமேல் இருக்கிற ஓரி சிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். என் வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். 70 வளைவுக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறி, பாதி மலையில் பிரேக் பிடிக்காமல் போய்விடும். இரண்டாவது கியரில் போட்டு இஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துக் கொஞ்சம் பிடித்து விட வேண்டும். கிளட்சைப் பிடித்தபடி உருட்டுவதும், பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிருக்கு ஆபத்து. ஏறிவருகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், அது சட்டமும்கூட. வளைவில் கண்ணைப் பள்ளத்தின் பக்கமோ எதிரே வருகிற பஸ்ஸின் மேலோ வைக்காதீர்கள். கழுத்தைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. கற்றுக்கொண்ட பிறகு மலை வேறு மலையாக ஆகிவிட்டது.

2018 ஜனவரியில் விழுந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். சேந்தமங்கலம் தாண்டி ஒரு கிராமத்து வளைவில் ரோட்டின் பாதி அகலத்துக்குக் கேழ்வரகுக் கதிர் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கதிர் உதிரட்டும் என்று எங்கள் பக்கம் செய்வதுதான். வேகம் நாற்பதுதான் இருக்கும். கதிரைப் பார்த்ததும் பதறி முன் பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் வழுக்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது வானம். வலது காறை எலும்பு முறிவு, இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து போனது.

அந்த வீட்டுக்காரர்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். அந்த அம்மா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சாமி, கண்ணு மூடாத சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும், வண்டியைத் தங்கள் திண்ணையோரம் நிறுத்திப் பத்திரப்படுத்தியதும் அவர்கள்தான். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. களம் இல்லாத வீட்டின் ஒரு வருட விளைச்சல் அது. ரோட்டில் போடக் கூடாது என்பதும் சரிதான், அவர்களுக்கு வேறு இடம் இல்லை என்பதும் சரிதான்.

அன்று தலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் இருந்தது, பட்டையும் மாட்டியிருந்தேன். ஹெல்மெட்டின் வலது பக்கம் ஆழமாகத் தேய்ந்து போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு என் மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வித்துருங்கன்னு சொல்ல மாட்டனுங்க. ஆனா கையுறை, கோட்டு இல்லாம அந்த வண்டி வாசலத் தாண்டக் கூடாது." ஹெல்மெட்டை எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள். அது உண்மைதான், உள்ளே இருக்கிற தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.

கையுறையின் அவசியம் விழுந்தவனுக்குத்தான் தெரியும். எப்படி விழுந்தாலும் கை தானாகத் தரையை நோக்கிப் போகும். உள்ளங்கை உரிந்தால் ஒரு மாதம் சோறு பிசைய முடியாது, பேனா பிடிக்க முடியாது. நாமக்கல் வெயிலில் ஜாக்கெட்டா என்று நானும் நினைத்தவன்தான். வலைத்துணியில் செய்து, தோளிலும் முழங்கையிலும் காப்பு வைத்த ஜாக்கெட் கிடைக்கிறது; வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று உள்ளே போகும். சிக்னலில் நின்றால் வேர்க்கும், அது பரவாயில்லை. கதிர், வைக்கோல், ஜல்லி, கரும்புச் சக்கை, மழையில் நனைந்த வெள்ளைக் கோடு எது வந்தாலும் ஒரே வழிதான்: முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், அதன்மேல் ஏறிய பிறகு பிரேக்கும் கூடாது, திருப்பவும் கூடாது. ஹேண்டில்பாரை நேராக, இறுக்காமல் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு உருண்டு கடந்துவிட வேண்டும்.

எலும்பு சேர ஆறு வாரம் ஆனது. ஐந்து மாதம் வண்டியைத் தொடவில்லை. பயமாக இருந்தது என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த மாதங்களில் ஆபீசுக்குப் பஸ்ஸில் போனேன். திடீரென்று ஒருநாள் ஜன்னல் வழியாகச் சேலம் ரோட்டில் மழை வருவதைப் பார்த்தேன். மண் வாசனை வரவில்லை, ஜன்னலை மூடியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பட்டறை அண்ணனிடம் போய் வண்டியைத் தயார் செய்யச் சொன்னேன். அவர் முன்சக்கர டயரையும் பிரேக் லைனிங்கையும் மாற்றி வைத்துவிட்டு, கூலி வாங்க மறுத்துவிட்டார். முதலில் அந்தக் கதிர் போட்டிருந்த வீட்டுக்குத்தான் போனேன். மடியில் தலையை வைத்துக்கொண்ட அம்மா என்னைப் பார்த்ததும் வண்டியைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார். நோட்டில் அன்றைய வரவு அது.

இந்த வண்டியால் பழக்கமான மனிதர்கள் அப்படித்தான் சேர்ந்திருக்கிறார்கள். காரில் போய் நின்றால் யாரும் வந்து பேச மாட்டார்கள். புல்லட்டை நிறுத்தினால் ஒருவர் வந்து, "எத்தன மாடலுங்க? எங்கப்பாவும் வெச்சிருந்தாருங்க" என்று ஆரம்பிப்பார். ஒருமுறை ராசிபுரம் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளட்ச் கேபிள் அறுந்து நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்குப் போய் ஒரு பழைய கேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்; அவரிடம் புல்லட் விற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது, கேபிளை மட்டும் வைத்திருந்தார். அதற்குப் பிறகு கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு ஸ்பார்க் பிளக், பொறியை விடுகிற பாயிண்ட் செட், பிளக் ஸ்பேனர் இந்த ஐந்தும் இல்லாமல் ஊரைத் தாண்டுவதில்லை. புது கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்துக் கட்டி ஓட்டிவிட்டால் இன்னும் நல்லது. அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை.

2017-ல் ஒரு சின்ன கார் வாங்கினோம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, மழை நாளில் நாலு பேரும் போக அது வேண்டியிருக்கிறது. புல்லட்டால் அந்த வேலை ஆகாது. குடும்பத்துக்கு ஒரே ஒரு வண்டிதான் வைக்க முடியும் என்கிற நிலை வந்தால் நான் புல்லட்டைத்தான் விற்பேன். இதைத் தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசைப்பட்டுக் கடன் வாங்கிப் பெரிய பைக் எடுத்து, தவணை கட்ட முடியாமல் ஆறு மாதத்தில் விற்றவர்களை எங்கள் ஆபீசிலேயே பார்த்திருக்கிறேன். வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஹெல்மெட், ஜாக்கெட், இன்சூரன்ஸ், முதல் வருடச் சர்வீஸ் என்று தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். அது முடியாவிட்டால் அதைவிடச் சின்ன வண்டி வாங்குங்கள். நூறு சி.சி. வண்டிக்கும் கதவு கிடையாது. பலா வாசனை அதிலும் வரும்.

என் மகளுக்கு இந்த வருடம் 18 முடிந்தது. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட்டாயிற்று. புல்லட்டில்தான் கற்றுக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். 160 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி, வேண்டாம் கண்ணு என்று சொல்லி ஸ்ப்ளெண்டரைக் கொடுத்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் பிளாட் போட்டு இன்னும் யாரும் வீடு கட்டாத ஒரு லே-அவுட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே போனோம். ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் அவள் அம்மாவே மாட்டிவிட்டு அனுப்பியிருந்தாள்.

முதல் அரைமணி நேரம் ஆக்சிலேட்டரே கொடுக்க விடவில்லை. கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்குகிற அந்த இடத்தைக் கை தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். ஏழெட்டு முறை அணைந்தது. ஒன்பதாவது முறை நகர்ந்தது. பத்தடி, இருபதடி. கீழே சக்கரத்தைப் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார் என்று பின்னால் ஓடிக்கொண்டே கத்தினேன். மூலையில் திரும்பும்போது கழுத்தைத் திருப்பினாள். எனக்கு இரண்டு வருடம் ஆன விஷயம்.

நான்கு சுற்று முடித்து வந்து நின்றாள். வேப்பமரம் இருக்கிற மூலையில் மட்டும் குளிர்ந்த காற்று அடிக்கிறது என்றாள். நான் அந்த மூலைக்கு நூறு முறை நடந்து போயிருக்கிறேன்.

"இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரட்டுங்களாப்பா?"

பெட்ரோல் ரிசர்வுக்கு வந்திருந்தது. டேப்பைத் திருப்பிவிட்டு, சரி, போய்ட்டு வா கண்ணு என்றேன்.